குளத்தில் ஒடிந்த கோரை

திதிலியாவை எனக்கு முப்பது வருடமாகத் தெரியும். யாரையும் நம்ப மாட்டாள். மரவள்ளிக்கிழங்கு வெந்துவிட்டதா என்று கேட்டால்கூட, "எதுக்குக் கேக்குற?" என்பாள். ஆனால் எங்கள் தீவில், இந்தப் புவாப் பக்கத்தில் அவளைப் போல் பாய் பின்ன ஆளில்லை. அதனால் குளத்தில் அவள் வைத்ததுதான் சட்டம்.

குத்தாக் கோரையைக் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று, அடித்தண்டைக் காலால் துழாவி, முழுசாக உருவ வேண்டும். ஒடிந்தது பாய்க்கு ஆகாது. கர்ப்பத்தை மறைத்துக்கொண்டு ஒருத்தி இறங்கினால் கோரை ஒடியும் என்பார்கள் எங்கள் பெண்கள். வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் கரையில் உட்கார்ந்தால் குற்றமில்லை.

ஊர்த்தலைவர் மகளின் கல்யாணப் பாய்க்காக இறங்கிய வாரம், பிடித்ததெல்லாம் ஒடிந்தது. திதிலியா கரையோரம் வந்த ஒவ்வொருத்தி வயிற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஐம்பத்திரண்டு வயதான என்னையும் விடவில்லை.

"ஒனக்கென்ன, வயிறு முன்ன தள்ளுது?"

"தேங்காப்பால் மீனுடி. ஒன் வீட்ல தின்னதுதான்."

கடைசியில் அவள் பார்வை கெலேராவிடம் நின்றது. கல்யாணமாகி ஆறு வருடம், பிள்ளையில்லை. அன்று காலையில் அவள் வாந்தி எடுத்ததைத் திதிலியா பார்த்திருக்கிறாள்.

"கெலேரா, மேல ஏறு."

"நேத்து மீனு ஒத்துக்கலக்கா. சத்தியமா ஒண்ணுமில்ல."

"மறைக்கிறவ சத்தியந்தான் பண்ணுவா. ஏறுடி!"

யாரும் வாய் திறக்கவில்லை, நானும்தான். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. சாயங்காலத்துக்குள் கெலேராவின் மாமியார் பெட்டியைத் திறந்து பழைய குழந்தைத் துணிகளை எடுத்து வெயிலில் போட்டுவிட்டாள்.

மறுநாள் கெலேராவைக் கையோடு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள் திதிலியா. சாட்சிக்கு நான். நர்ஸ் சோதித்துப் பார்த்துவிட்டு இல்லை என்றாள். கெலேரா முகத்தை மூடிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துத் திதிலியா தலை சுற்றிச் சுவரைப் பிடித்தாள்.

"ஒங்களையும் பாத்துருவோமா?" என்றாள் நர்ஸ்.

நாற்பத்தைந்து வயதில் எல்லாம் நின்றுபோயிற்று என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு நாலாவது மாதம். சிரிப்பை அடக்க முடியாமல் நான் வெளியே ஓடினேன்.

அடுத்த நாள் திதிலியா கரையில் நின்று, எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். கெலேரா முதல் ஆளாக இறங்கினாள். காலால் துழாவி, முங்கி உருவினாள்.

அதுவும் ஒடிந்தது.

திதிலியாவின் கண் பழக்கதோஷத்தில் மறுபடி கெலேராவிடம் போனது. கெலேரா பாதிக் கோரையை வீசிவிட்டு, முழங்கால் தண்ணீருக்கு வந்து அவள் எதிரில் நின்றாள். நனைந்த துணி வயிற்றோடு ஒட்டியிருந்தது.

"நல்லாப் பாத்துக்கங்கக்கா. இருந்தா நான் மறைப்பேனா? ஊரையே கூட்டிவச்சுக் கத்தியிருக்க மாட்டேனா?"