போர்மேன் பால்துரையின் பிரேக்

ஏழாயிரம்பண்ணை டீக்கடைகளில் ஒரு பேச்சு உலவியது. போர்மேன் பால்துரையின் காருக்குப் பிரேக் கிடையாது, அது ஜெபத்தில்தான் நிற்கிறது என்று. முதல் கடையில் கார் மட்டும் நின்றது. அடுத்த கடைக்கு வருவதற்குள் எதிரே வந்த லோடு லாரியும் சேர்ந்து நின்றிருந்தது. அதற்கடுத்த கடையில் லாரி டிரைவர் ஞானஸ்நானமே எடுத்துவிட்டார். கண்ணால் பார்த்தது யார் என்று கேட்டால் ஒவ்வொருவரும் பக்கத்துக் கடையைக் கைகாட்டினார்கள். கடைசியாகக் காட்டிய கை பட்டாசுக் கம்பெனி கேட்டில் போய் முடிந்தது. அங்கே வாட்ச்மேன் சங்கிலிமுத்து, தீயணைக்க வைத்த சிவப்பு மணல் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தார்.

"ஜெபம் நடந்தது நெசம். பிரேக் பிடிக்காததும் நெசம்," என்றார் அவர். "ரெண்டுக்கும் கல்யாணம் பண்ணிவச்சது டீக்கடைக்காரக."

அவருக்கு நாற்காலி இல்லாமல் போனதும் அதே கதையில்தான் வருகிறது.

பால்துரைக்கு வயது ஐம்பத்தெட்டு. அதில் பாதிக்கு மேல் உராய்வோடு மல்லுக்கட்டியே கழிந்துவிட்டது. பட்டாசு யூனிட்டில் போர்மேன் என்றால் வேறென்ன வேலை? வெடிமருந்து கலக்கிற ரூமில் எதுவும் எதோடும் உரசக் கூடாது. செருப்பு வெளியே, இரும்பு வெளியே, கொலுசு வெளியே. டப்பாவைத் தரையில் இழுக்காதே, தூக்கு. காலையில் வாயைத் திறந்தால் சாயங்காலம்வரை இதே பாட்டு. வீட்டுக்கு வந்தாலும் காது கம்பெனியில்தான் இருக்கும். கதவுக் கீல் முனகினால் எண்ணெய். ஜன்னல் கொக்கி முனகினால் எண்ணெய். மனைவி ஜெயக்கொடி நாற்காலியைக் கிறீச்சென்று இழுத்தால், ஞாயிற்றுக்கிழமைக் கறிச்சோற்றுக்கு நடுவிலும் இவருக்குத் தோள் தூக்கிப் போடும்.

"இது வீடுங்க. மருந்து ரூம் இல்ல," என்பார் ஜெயக்கொடி.

"தெரியுது. ஒடம்புக்குத் தெரிய மாட்டேங்கு."

ஜெயக்கொடி வெம்பக்கோட்டையில் நர்ஸ். வார்டு வார்டாக நடந்தே முழங்கால் தேய்ந்துவிட்டது. பஸ் படிக்கட்டு ஒவ்வொன்றும் அவருக்கு ஒரு மலை. பென்ஷனோடு வெளியே வர இன்னும் ஒன்றரை வருஷம் ஓட்டியாக வேண்டும். அதை ஓட்டப்போவது பால்துரையின் பழைய மாருதி கார்தான். கார் படுத்தால் வேலையும் படுத்துவிடும். சிவகாசியில் ஒரு அச்சாபீஸ் முதலாளி மூன்றாவது காருக்கு மாறியபோது கைமாறி வந்த வண்டி அது. ரேடியோ இருந்த ஓட்டையை ஒரு வேத வசன ஸ்டிக்கர் மூடியிருந்தது.

தீபாவளி சீசன் சூடு பிடித்த நேரம் பார்த்து, பிரேக்கை மிதித்தால் முன்சக்கரம் கத்த ஆரம்பித்தது. பால்துரை சாத்தூர் மெக்கானிக் பாண்டிமுருகனுக்குப் போன் போட்டார்.

"பிரேக் பேடு தேஞ்சிருக்கும் அண்ணாச்சி. வீலக் கழத்திப் பாக்கணும். நாளைக்கு விட்டுட்டுப் போங்க."

"நாளைக்கு ஆர்டர் போகுதுப்பா."

"அப்பம் தூசியாத்தான் இருக்கும். ஓட்டுங்க."

வண்டியைப் பார்க்காமலே இரண்டு வியாதி சொல்ல மெக்கானிக்கால்தான் முடியும். டாக்டர்கள்கூட நாக்கையாவது நீட்டச் சொல்வார்கள்.

சத்தம் நாளுக்கு நாள் ஏறியது. பிரேக் மிதிக்கிற ஒவ்வொரு தடவையும், மருந்து ரூமில் யாரோ இரும்புச் சட்டியை இழுப்பதுபோல் பால்துரைக்குக் கேட்டது. தூக்கத்திலும் கேட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்தவர், வெள்ளைச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. ஜெயக்கொடியின் தையல் மெஷின் எண்ணெய்க் குப்பியை எடுத்தார். முன்சக்கரங்களின் ஓட்டை வழியாக, உள்ளே பளபளத்த இரும்பு வட்டின் மேலும், அதை இரண்டு பக்கமும் கவ்விக்கொண்டிருந்த பேடுகளின் மேலும், சொட்டுச் சொட்டாக, குழந்தைக்கு மருந்து புகட்டுகிற பொறுமையோடு விட்டார். வண்டியைக் கொஞ்சம் தள்ளிப் பார்த்தார். சத்தமே இல்லை. அன்று மத்தியானம் அவர் தூங்கிய தூக்கத்தை வெகுநாளாக அந்த வீடு பார்த்ததில்லை.

திங்கட்கிழமை காலை ஜெயக்கொடி முன்சீட்டில் ஏறினார். "என்னங்க, கத்தவே இல்ல?"

"சரி பண்ணிட்டேன்."

தெருமுனை மேட்டில் வண்டி தானாகவே வேகம் குறைந்தது. அப்புறம் காலி ரோடு, இரு பக்கமும் காய்ந்த காடு. பிரேக்குக்கு வேலையே வரவில்லை. வழியில்தான் கம்பெனி. கேட்டில் ஷெட் சாவியைக் கொடுத்துவிட்டு மனைவியை வெம்பக்கோட்டையில் விட்டுவருவது அவர் வழக்கம். கேட் நெருங்கியதும் மிதித்தார். மிதி கெட்டியாகத்தான் இருந்தது, வண்டிதான் கேட்கவில்லை. வழுக்கிக்கொண்டே போனது, அதுவும் சத்தமில்லாமல். கைப்பிரேக்கை இழுப்பதற்குள் சங்கிலிமுத்து நாற்காலியை விட்டு ஒரே தாவு.

"ஏசப்பா!" என்று ஜெயக்கொடி அலறினார்.

கார் நாற்காலியை நொறுக்கி, வரிசையாக இருந்த மணல் வாளிகளைச் சரித்து, கேட்டோர மணல் குவியலில் மூக்கைப் புதைத்து நின்றது. ஜெயக்கொடி முழங்காலைப் பிடித்தபடி மெல்ல இறங்கினார். இடி ஒன்றும் பலமில்லை. அவர் புருஷன் முகத்தைத்தான் பார்த்தார்.

"என்ன சரி பண்ணீக?"

பாண்டிமுருகன் பைக்கில் வந்து வீலைக் கழற்றினான். பேடைத் தொட்டுவிட்டு விரலை முகர்ந்து பார்த்தான்.

"எண்ணெய் யாரு விட்டது?"

பால்துரை மணலைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, உரசுனாத்தான் இது நிக்கும். நீங்க உரசாதன்னு வாயப் பொத்திட்டீக."

"நீதானப்பா தூசின்னு சொன்ன."

"தூசிக்கு யாராச்சும் எண்ணெய் விடுவாகளா?"

"எதுக்கு எதுக்கோ விட்டாச்சு," என்றார் பால்துரை. கோபப்படக்கூடத் தெம்பில்லாத குரல்.

எண்ணெய் குடித்த பேடு இனி ஆகாதாம். வட்டைத் துடைத்துப் புதுப் பேடு மாட்டினான். எண்ணெய் விடாமல் இருந்திருந்தாலும் அதிக நாள் ஓடியிருக்காது, பிஸ்கட் கனம்கூட மிச்சமில்லை என்று பழையதைத் தூக்கிக் காட்டினான். ஜெயக்கொடி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் முழங்காலை ஒருமுறை தடவிக்கொண்டார்.

அந்த வாரம் முழுக்க அவர் காரில் ஏறவில்லை. பஸ்ஸில் போனார். சாயங்காலம் வீங்கிய காலை நீட்டி உட்கார்ந்து தைலம் தேய்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பால்துரைக்கு அந்தப் பேசாமை, பிரேக் கத்தியதைவிட மோசமாகக் கேட்டது. சனிக்கிழமை அவராகவே ஜாக்கி வைத்து வீலைக் கழற்றினார். டார்ச்சை மனைவி கையில் கொடுத்தார். காய்ச்சல்காரன் தொண்டையைப் பார்ப்பதுபோல் ஜெயக்கொடி குனிந்து உள்ளே பார்த்தார்.

"இதெல்லாம் பேடா?"

"ஆமா."

"மாசாமாசம் நான் பாப்பேன். லேசாச் சத்தம் வந்தாலும் வண்டி மெக்கானிக்குட்டத்தான் போகும். எண்ணெய்க் குப்பி இனி எங்கிட்ட இருக்கும்."

திங்கட்கிழமை ஏறினார். பின்சீட்டில்.

கேட்டுக்குச் சற்று முன்னால் பால்துரை மிதித்தார். புதுப் பேடு லேசாக உரசியது. அவர் தோள் தூக்கிப் போட்டது. கார் நின்றது. சங்கிலிமுத்து கவிழ்த்த வாளியிலிருந்து எழுந்து வந்து சாவியை வாங்கிக்கொண்டார்.

"நாக்காலி?"

"சீசன் முடியட்டும் சங்கிலிமுத்து."

"இந்த சீசனா, அடுத்த சீசனா?"

மணல் வாளி என்றால் மணலோடு நிமிர்ந்து நிற்க வேண்டும், கவிழ்ந்து கிடக்கக் கூடாது. இதைச் சொல்ல வேண்டியவர் போர்மேன்தான். பால்துரை அந்த வாளியைப் பார்த்தார், கியரை மாற்றினார், வெம்பக்கோட்டை ரோட்டில் ஏறினார்.