வால் எந்தப் பக்கம்

கன்டெய்னர் யார்டு சூப்பர்வைசர் இருந்தார். டிரெய்லரை வழக்கமாக ஓட்டும் டிரைவர் இருந்தான், பொன்னேரிக்காரன், என்னைவிடச் சின்னவன். என் மனைவியின் தம்பி இருந்தான். ஸ்டீயரிங் முன்னால் நான்.

இடம் காட்டுப்பள்ளி ரோட்டை ஒட்டிய காலி நிலம். இரண்டு பக்கமும் காலி தார் டிரம்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். நடுவில் டிரெய்லரைப் பின்னால் விட வேண்டும். மூன்று டிரம் சாய்ந்தால் பரவாயில்லை என்றார் சூப்பர்வைசர். நாலாவது சாய்ந்தால் வேலை வேறு ஆளுக்கு.

முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்தால் எங்களுக்குக் கடல் இல்லை. அதனால்தான் இந்த டிரைவர் வேலைக்கு வந்தேன். கிடைத்தால் என் படகு மச்சானுக்கு என்று பேச்சு. கிடைக்காவிட்டால் நானே திரும்ப இஞ்சின் பிடிப்பேன், அவன் வலை இழுப்பான். ஆனால் அவன் வந்தது கேலி பண்ணத்தான் என்று பட்டது.

"மாமா, போட்ல உன் எடம் காலியாத்தான் கீது. பயப்படாத."

ரிவர்ஸ் போட்டேன். டிரெய்லரின் வால் இடது பக்கம் போகட்டும் என்று ஸ்டீயரிங்கை இடது ஒடித்தேன். வால் வலது போனது. ஒரு டிரம் சாய்ந்தது.

"அண்ணா, வால் எங்க போவணுமோ அதுக்கு எதிர்ல ஒடி," என்றான் டிரைவர்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்தது போலவும் இருந்தது. படகில் இஞ்சின் கைப்பிடியை இடது தள்ளினால் மூக்கு வலது திரும்பும். லாரி பழகியபோது அந்தப் பழக்கத்தைக் கையிலிருந்து கஷ்டப்பட்டு விரட்டினேன். இப்போது அதையே கேட்கிறான்.

சரி, படகு என்று நினைத்துக்கொள்வோம். முன்னால் எடுத்து நேராக்கி, மறுபடி விட்டேன். பாதி தூரம் நன்றாகப் போனது. படகில் கைப்பிடியை நடுவுக்குக் கொண்டுவந்தால் திருப்பம் நின்றுவிடும். இங்கே ஸ்டீயரிங்கை நேராக்கிய பிறகும் வால் மடங்கிக்கொண்டே போனது. இரண்டு டிரம் ஒன்றாகச் சாய்ந்தன.

"நம்மூரு டச்சுக்காரன் கல்லறைல பட்த்துனு கீறவன் எந்திரிச்சி வந்தாக்கூட இத்த நேரா உட்ருவான் மாமா!"

"வாயை மூட்றா."

டிரைவர் படியில் ஏறி ஜன்னலுக்குள் தலையை விட்டான். "எந்தக் கண்ணாடில டிரெய்லர் பெருசாத் தெரியுதோ அந்தப் பக்கமே ஒடி."

"எதிர்ப் பக்கம்னு இப்பத்தான சொன்ன?"

"அது மடக்க. இது நிமிர்த்த."

"எப்ப மடக்கறது, எப்ப நிமிர்த்தறது?"

"தெரியும்ணா உனக்கே."

தெரியவில்லை. மச்சான் பின்னால் போய் டிரம் வரிசைக்கு வெளியே நின்று, படகில் சொல்கிற மாதிரியே கை காட்டினான். "கரைக்கு வா மாமா! கரைக்கு! அய்யோ, கடலுக்கு வாங்கு!" கரை எந்தப் பக்கம் என்பதே மறந்துவிட்டது. வலது கண்ணாடியில் டிரெய்லர் பெரிதானது, வலது ஒடித்தேன். இடது கண்ணாடியில் பெரிதானது, இடது ஒடித்தேன். உள்ளே போகிறதா, வெளியே போகிறதா, தெரியாமலே போய்க்கொண்டிருந்தேன்.

சூப்பர்வைசர் விசில் ஊதினார். இறங்கிப் பார்த்தேன். டிரெய்லர் உள்ளே நின்றது. எப்படி என்று இன்றுவரை சொல்லத் தெரியாது. கடைசி டிரம்மை உரசியிருந்தேன். அது சாய்ந்து, மச்சான் இடுப்பில் முட்டி நின்றது. அவன் நகரவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகம் துடைத்தான்.

சூப்பர்வைசர் அவனிடம் போனார். "தள்ளுபா."

"கால் நோவுது சார். கொஞ்சம் நின்னுக்கிறேன்."

"டிரம் நிக்குதா, நீ நிக்கிறியா?"

"ரெண்டு பேரும்தான் சார் நிக்கிறோம்."

எனக்காக நின்றானா, படகுக்காக நின்றானா, தெரியவில்லை. கேட்கவும் இல்லை. சூப்பர்வைசர் என் பக்கம் திரும்பி, தரையில் கிடந்த டிரம்களை மட்டும் விரல் நீட்டி எண்ணினார்.

மூன்று.