தாலிரை எழுப்பப் போன ஞாயிறு

மார்லிஸ் தோர்சன் விஸ்கான்சினில் குடியிருப்பதாகத் தபால்துறை வேண்டுமானால் நம்பட்டும். பகலெல்லாம் அவள் முத்திரை குத்துவது அங்கேதான். மற்றபடி பாதி நேரம் அவள் இருப்பு மெரோவா என்ற நாட்டில். இருபது வயதில் அவளே மனசுக்குள் கட்டிய நாடு. ஆறு, அரசர்கள், ஆளை விழுங்கும் காடு எல்லாம் உண்டு. ஞாயிறு மத்தியானம் அவள் வீட்டு நிலவறையில் சிநேகிதர்கள் மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். அவள் கதையைச் சொல்லிக்கொண்டு போக, மற்றவர்கள் அதற்குள் ஆளுக்கொரு வேஷம் கட்டி நடமாடுவார்கள். நினைத்தது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். அப்படி ஒரு விளையாட்டு.

புருஷன் வெர்லினுக்கு தாலிர் வேஷம். கூர்க்காது வைத்த வனத்தார் இனத்து வில்லாளி. ஒரு பாலத்துச் சண்டையில் தாலிர் செத்தான். விளையாட்டின் பழைய விதிப்படி, மனுஷன் செத்தால் மந்திரம் போட்டு எழுப்பலாம். வனத்தான் செத்தால் செத்ததுதான். வெர்லின் சிரித்துக்கொண்டே வேறு வேஷம் கட்டினான். போன வருஷம் அவனே மாரடைப்பில் போய்விட்டான்.

இந்தக் குளிர்காலத்தில் கூட்டம் புது விதிப்புத்தகத்துக்கு மாறியது. மெரோவாவை அதற்குத் தோதாகத் திருத்துகிற பாடு மார்லிஸ் தலையில். சும்மா சொல்லக்கூடாது, அவளுக்கு அது பாடாகவே தெரியவில்லை. சூப்பைக் கிண்டியபடி, ஜன்னலுக்கு வெளியே ஏரி உறைந்து வெளுத்துக் கிடப்பதைப் பார்த்தபடி, மனசுக்குள் மெரோவாவின் ஆற்றங்கரையோடு நடப்பாள். இந்த ராட்சசனுக்கு இனி எவ்வளவு பலம், அந்தச் சூனியக்காரிக்கு எந்த மந்திரம் போச்சு என்று யோசித்துக்கொண்டே போவாள். பாலம் வந்தால் மட்டும் திரும்பிவிடுவாள்.

ஒரு ஞாயிறு மேஜையில் பேக்கரிக்கார ஜோலின் விடவில்லை. விளையாட்டில் அவள் பூசாரிணி.

"மார்லிஸ், புது விதியில வனத்தாரையும் எழுப்பலாமாமே?"

"எழுப்பலாம்."

"அப்ப பாலத்துக்குப் போவோம். நான் தாலிரைக் கூப்பிடப் போறேன்."

பனி தள்ளும் வண்டி ஓட்டுகிற கர்ட், வாயில் சீஸை அதக்கியபடி, "உனக்கு ரொட்டி வேகற நேரம் தெரியுது, பேசற நேரந்தான் தெரியல," என்றான்.

"விடு கர்ட். கூப்பிடட்டும்," என்றாள் மார்லிஸ்.

பாவி மனசு குளிர்காலம் முழுக்க அதைத்தானே கேட்டது. மார்லிஸ் பாலத்தைச் சொன்னாள், மூடுபனியைச் சொன்னாள், கைப்பிடிச் சுவரில் பனித்துளி நிற்பதைச் சொன்னாள். ஜோலினின் பூசாரிணி, மந்திரத்துக்கு விலையாகத் தன் வைரத்தைப் பாலத்தடியில் தாலிரின் கல்லறைமேல் வைத்தாள். கர்ட் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தான்.

"பகடை வேண்டாமாம். செத்தவனுக்கு வர இஷ்டம் இருக்கணும், அவ்வளவுதான்."

எல்லோரும் மார்லிஸைப் பார்த்தார்கள். அந்த மேஜையில் செத்தவர்களுக்காகப் பேசுகிறவள் அவள்தான். வெர்லின் இல்லை, தாலிருக்காகவும் இனி அவள்தான்.

கண்ணை மூடினாள். மூடுபனிக்குள் தாலிர் பூட்ஸைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் காலை விட்டிருந்தான். வாயேன் என்றாள். திரும்பிப் பார்த்தான். அவன் சொல்லப்போகிற பதில் அவளிடம் ஏற்கெனவே தயாராக இருந்தது, வார்த்தைக்கு வார்த்தை. அவள் நினைத்த பதிலை வெர்லின் ஒருநாளும் சொன்னதே இல்லை. அப்படியானால் பேசப்போவது அவன் இல்லை, அவளேதான்.

"வரமாட்டேங்கறான்," என்றாள் மார்லிஸ். வெர்லின் செத்த பிறகு முதல் தடவையாக, அத்தனை பேர் முன்னாலும் அழுதாள்.