பிரிஸில்லா டீச்சர் வீட்டு நாலு ரேம்

ரிச்சர்ட்ஸ் டவுனில் அந்தத் தெருவில் யார் வீட்டு மிக்ஸி நின்றாலும் முதலில் போவது பிரிஸில்லா டீச்சர் வீட்டுக்குத்தான். பகலில் பள்ளிக்கூடத்தில் கணக்கு. சாயங்காலமானால் கையில் ஸ்குரூ டிரைவர். ஆனால் யாராவது பாராட்டிவிட்டால் போதும், "ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று கூசிப்போவார். அவரிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கம் அது.

டீச்சர் பாடுகிற சர்ச் பாடகர் குழுவில் பாதிப் பேர் இப்போது மெல்போர்ன், டொராண்டோ என்று போய்விட்டார்கள். அவரவர் போனில் பாடி அனுப்புவார்கள். டீச்சர் அத்தனை குரலையும் டைனிங் டேபிளில் இருக்கும் கம்ப்யூட்டரில் அடுக்கி ஒரே பாட்டாக்குவார். கிறிஸ்துமஸ் என்றால் அந்தப் பாட்டு கட்டாயம் உண்டு. இந்த வருஷம் குரல்கள் கூடிப்போக, கம்ப்யூட்டர் திணறியது.

உதவி செய்யக் கிளம்பினார் கணவர் நீல். கம்ப்யூட்டரின் நினைவகத்தில் இடத்தைக் கூட்டுகிற ரேம் அட்டைகள் இரண்டு புதிதாக வாங்கி வந்து, பழைய இரண்டுக்குப் பக்கத்திலேயே செருகினார். ஐஸ்கிரீம் தீர்ந்த டப்பாவில் பருப்பு போட்டு வைக்கிற வீடு அது. உழைக்கிற எதையும் தூக்கிப் போட மாட்டார்கள். "நல்லா இருக்கறத எதுக்கு எடுக்கணும்?" என்றவர், புது அட்டைப்பெட்டியில் போட்டிருந்த முழு வேகத்தையும் செட்டிங்கில் தட்டிவிட்டார். பாட்டு இரண்டாம் சரணத்தை எட்டியதும் திரை நீலமாகி, கம்ப்யூட்டர் அணைந்தது. ஒவ்வொரு முறையும் அப்படியே.

விஷயம் பாடகர் குழுத் தலைவர் சிரில் காதுக்குப் போனது. "டீச்சர், ஞாயித்துக்கெழம பாட்டு போட்டாகணும். வைட்ஃபீல்ட்ல ஒரு ஸ்டூடியோ இருக்கு, குடுத்துடலாமா?"

அவர் நல்லபடியாகத்தான் கேட்டார். டீச்சருக்குத்தான் சுருக்கென்றது. மெல்போர்ன் பிரிஜெட்டின் குரல் உச்சியில் லேசாக உடையும். அதைச் சரிசெய்துவிட்டால் அது பிரிஜெட்டே இல்லை. ஸ்டூடியோக்காரருக்கு அது எப்படித் தெரியும்?

"சனிக்கெழம வரைக்கும் விடுங்க மாஸ்டர்."

சனிக்கிழமை காலை கம்ப்யூட்டரைத் திறந்து உட்கார்ந்தார். பழைய ஜோடியை மட்டும் போட்டால் அணையவில்லை. புது ஜோடியை மட்டும் போட்டாலும் அணையவில்லை. ஆனால் இத்தனை குரலுக்கு இடம் பத்தாமல் பாட்டு திக்கியது. நாலும் சேர்ந்தால்தான் தகராறு.

நீல் முகம் தொங்கிப்போனது. "நான்தான் கெடுத்துட்டேனா?"

"நீ ஒண்ணும் கெடுக்கல. புதுசு ஓடற ஓட்டத்துக்குப் பழசால ஈடு குடுக்க முடியல. எல்லாத்தையும் பழசோட வேகத்துக்கே வெச்சுப் பாப்போம்."

"அப்போ வேகம் போயிடுமே?"

"வேகத்த வெச்சு என்ன பண்ண? நமக்கு எடம்தானே வேணும்!"

செட்டிங்கை மாற்றி, ரேம் சோதனையை ஓடவிட்டு, இருவரும் பாட்டுப் பயிற்சிக்குப் போனார்கள். அன்று டீச்சருக்கு ஒரு சுரமும் சரியாக நிற்கவில்லை. திரும்பி வந்து பார்த்தால், திரையில் ஒரு பிழைகூட இல்லை. பாட்டு இரண்டாம் சரணத்தைத் தாண்டியது, மூன்றாவதையும் தாண்டியது. நீல் சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்து மனைவியைக் கட்டிக்கொண்டார்.

ஞாயிறு ஆராதனையில் அந்தப் பாட்டு ஒலித்தபோது, பிரிஜெட்டின் குரல் உச்சியில் லேசாக உடைந்தது. முன் வரிசையில் இருந்த அவள் அம்மா கைக்குட்டையை எடுத்தார்.

வெளியே வந்ததும் விருந்தாளி ஒருவர் சிரிலிடம், "எந்த ஸ்டூடியோல பண்ணீங்க?" என்று கேட்டார்.

"எங்க டீச்சர் வீட்டு டைனிங் டேபிள்ல," என்றார் சிரில், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

எல்லோரும் டீச்சரைப் பார்த்தார்கள். அவர் வழக்கமாகச் சொல்லும் பதிலுக்காக நீல் காத்திருந்தார். டீச்சர் கூசவில்லை. புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்து நின்று சொன்னார்:

"ஆமா. நான்தான் பண்ணேன்."