வெயிலில் உட்கார்ந்த தவளைவாயன்

மச்சான் என் மனைவிக்கு அண்ணன். கேமரா வாங்கியதிலிருந்து காடே தன் சொத்து என்று அவருக்கு நினைப்பு. சாலைக் கடைத்தெருவில் என் இரும்புக் கடைக்கு ஞாயிறு விடுமுறை. அன்றைக்கு இருவரும் பொன்முடி அடிவாரத்துக் கல்லாற்றுக்குப் பறவை பார்க்கப் போவோம்.

போன மாசிக் கடைசியில், ஈற்றை மூங்கில் புதருக்குள் தவளைவாயன் கூடு ஒன்று கண்ணில் பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளையும் இலங்கையையும் விட்டால் இந்த இனம் வேறெங்கும் இல்லை. மலையாளத்தில் மாக்காச்சிக்காட என்பார்கள், தவளைக்காடை என்று அர்த்தம். ஆனால் காடை இல்லை. முகத்தைப் பார்த்தால் ஆந்தை, அதுவும் இல்லை. முன்பு பறவை ஆய்வாளர்கள் பக்கிக் குருவிகளோடு சேர்த்து வைத்திருந்தார்கள், இப்போது தனி வரிசையே கொடுத்துவிட்டார்கள். உள்ளங்கையில் அடங்கும் கூட்டில் ஒரே ஒரு முட்டை. பகலில் ஆண்தான் அடைகாக்கும். சருகு மாதிரி அசையாமல் இருப்பது ஒன்றுதான் அதற்குத் தெரிந்த தற்காப்பு.

இலை மறைக்கிறது என்று மச்சான் பையிலிருந்து கத்தரியை எடுத்தார். செடி வெட்டும் கத்தரி, என் கடைச் சரக்கு. நான் வாயைத் திறப்பதற்குள் முன்னால் இருந்த கிளையை நறுக்கிவிட்டார். வெயில் நேராகக் கூட்டில் விழுந்தது.

"என்ன மச்சான் இது? சூடு தாங்காம அது எழும்பிப் போச்சுன்னா முட்டை என்னாவும்?"

"சாரமில்லே மாப்ளே, ஒண்ணும் ஆகாது. ரெண்டு எலைதானே, பின்னையும் முளைக்கும்."

பறவை எழும்பவில்லை. சற்று நேரத்தில் அகல வாயைத் திறந்து இரைக்க ஆரம்பித்தது. மச்சான் படமெடுத்துக்கொண்டே இருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெட்டிய கிளையை எடுத்துப் பழைய இடத்தில் நார் போட்டுக் கட்டினேன். வாடிவிடும் என்று தெரிந்துதான் கட்டினேன்.

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. பொன்முடிப் பாதையில் மண் சரிந்து, போக வழியில்லாமல் போயிற்று. வெகுநாள் கழித்து நான் மட்டும் போய்ப் பார்த்தேன். கவட்டையில் கூடு இருந்த தடமே இல்லை.

குஞ்சு பறந்ததும் தகப்பனே கூட்டைப் பிய்த்துப் போட்டுவிடும். பாம்போ காக்கையோ முட்டையை எடுத்திருந்தாலும் அந்த மழையில் மிஞ்சுவது வெறும் கிளைதான்.

"குஞ்சு பறந்திருக்கும். சும்மா எங்க அண்ணனையே குத்தம் சொல்லாதீங்க" என்றாள் மனைவி. இருக்கலாம். எனக்கு மனசு ஆறவில்லை.

மச்சான் வீட்டு முன்னறையில் வாய் திறந்த அந்தப் படம் பெரிதாகத் தொங்குகிறது. ஓர் இலைகூட மறைக்கவில்லை. வருகிறவர்கள் எல்லோரும் பறவை சிரிக்கிறது என்கிறார்கள்.