பாலத்தில் கேட்ட பிரசங்கம்

மாரி வெள்ளத்தில் எங்கள் குடியேற்றத் திட்டத்துப் பாதைகள் மூழ்கிக் கிடந்த ஒரு காலை, என் மனைவிக்குப் பிரசவ வலி எடுத்தது. ஸ்கந்தபுரத்தில் இருந்து கிளிநொச்சி ஆசுபத்திரிக்குப் போக அன்றைக்குக் கிடைத்தது சவிரிமுத்து அண்ணையின் உழவு இயந்திரம்தான். அவர் வேதக்காரர், ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவர். மனைவியையும் மாமியையும் பின்பெட்டியில் ஏற்றிவிட்டு நான் அவர் பக்கத்தில் தொற்றிக்கொண்டேன்.

பாலத்துக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தது. அதில் இறங்கியதும் அவர், "என்ர ஆண்டவர் என்னோட இருக்கிறார், எனக்குப் பயமில்லை" என்று உரத்துச் சொல்லத் தொடங்கினார். பின்னால் மனைவி முனகினாள். அவரோ திரும்பத் திரும்ப அதையே சொன்னார். எங்கள் அவலத்தைப் பார்த்து மதம் மாற்றப் பார்க்கிறார் என்று எனக்கு எரிச்சல் பொங்கியது.

"அண்ணை, உங்கட பிரசங்கத்தைக் கொஞ்சம் நிப்பாட்டுங்கோ. எங்களுக்கும் சாமி இருக்கு" என்றேன்.

அவர் தண்ணீரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "உங்களுக்குச் சொல்லேல்லை, தம்பி. எனக்கு நீந்தத் தெரியாது."

நான் இறங்கி, தொடையளவு தண்ணீரில் பாதையின் விளிம்பைக் காலால் தடவியபடி முன்னால் நடந்தேன்.

"நீங்கள் சொல்லிக்கொண்டே வாங்கோ அண்ணை" என்றேன்.

மத்தியானம் மகள் பிறந்தாள். நான் இன்றும் பிள்ளையாரைத்தான் கும்பிடுகிறேன். ஆனால் யாராவது தன் விசுவாசத்தை உரத்துச் சொன்னால், என்னை இழுக்கப் பார்க்கிறார் என்று இப்போது நினைப்பதில்லை. அவருக்கு என்ன பயமோ என்றுதான் நினைக்கிறேன். சவிரிமுத்து அண்ணையிடம் மன்னிப்புக் கேட்க மட்டும் கடைசிவரை எனக்கு வாய் வரவில்லை.