அஸ்காலெயின் ஆமாம்

அஸ்காலெ முதலில் பார்ப்பது பாதத்தை. அப்புறம் துணியை. சக்கர நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் யாராக இருந்தாலும் சரி, கால் இரண்டும் மிதிபலகையில் ஏறியிருக்கின்றனவா என்று குனிந்து பார்ப்பாள். ஏறாத காலைத் தானே தூக்கி வைப்பாள். முந்தானையோ சால்வையோ அங்கியோ, கீழே தொங்குவது எதுவானாலும் எடுத்து மடித்து அவர் மடியிலேயே வைத்து ஒரு தட்டுத் தட்டுவாள். "சக்கரத்துக்குத் துணின்னா எப்பவும் பசி" என்று வேறு சொல்வாள். அதைச் சொல்வது தன் ஊர் அம்ஹாரிக் மொழியில். உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு நாளும் அது புரிந்ததில்லை. அதைப் பற்றி அவளும் கவலைப்பட்டதில்லை.

வாஷிங்டனுக்குப் பக்கத்து விமான நிலையம், காலை ஷிஃப்ட். அவள் நாற்காலியில் ஏறுகிறவர்களில் பாதிப் பேருக்குக் கால் திடமாகத்தான் இருக்கும். இங்கிலீஷ்தான் இருக்காது. அம்மா தனியாக வருகிறாள், எங்கே எந்த வழியில் போய் நிற்பாளோ என்று பயந்து, டிக்கெட் எடுக்கும்போதே பிள்ளைகள் சக்கர நாற்காலிக்கும் சொல்லிவைத்துவிடுகிறார்கள். குண்டூரிலிருந்து வருகிறார்கள், ராஜ்கோட்டிலிருந்து வருகிறார்கள், ஹனோயிலிருந்து வருகிறார்கள். நம்மூர் அம்மாக்களைச் சொல்லவே வேண்டாம். கோயிலை மூன்று சுற்றுச் சுற்றுகிற கால், இங்கே இறங்கியதும் நாற்காலியில் ஏறிக்கொள்ளும்.

ஏறிய கையோடு பேச்சும் ஆரம்பமாகிவிடும். மருமகளைப் பற்றி, விமானத்தில் கொடுத்த சாப்பாட்டைப் பற்றி, முழங்கால் வலியைப் பற்றி அவரவர் மொழியில் அவரவர் கொட்டுவார்கள். அஸ்காலெ பின்னாலிருந்து தள்ளியபடி நடுநடுவே மூச்சை உள்ளே இழுப்பாள். வாயைக் கொஞ்சமாகத் திறந்து, "ஹ்" என்று ஒரே இழுப்பு. சூடான பாத்திரத்தைத் தொட்டுவிட்டவர் இழுப்பாரே, அந்த மாதிரி. எத்தியோப்பியாவில் அவள் பிறந்த பக்கத்தில் அதுதான் "ஆமாம்". வாயால் சொல்லும் ஆமாமும் உண்டு, ஆனால் அதை யார் மெனக்கெட்டுச் சொல்வது? குண்டூர் அம்மாவோ தன் கதையைக் கேட்டு இந்தப் பெண் பதறிப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டு இன்னும் இரண்டு சங்கதி கூடுதலாகச் சொல்வார். இறங்கும்போது கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார்.

வாஷிங்டனை ஒட்டிய அலெக்சாந்திரியாவில் மகள் மெஸ்கெரமோடு குடியிருக்கிறாள். வயது அறுபதை எட்டிக்கொண்டிருக்கிறது. அந்த ஊரில் வீட்டை விட்டு இறங்கினால் மளிகைக் கடை, முடிதிருத்தும் கடை, மாதா கோயில், பல் வைத்தியர் எல்லாரும் அவள் மொழிக்காரர்களே. வந்து இருபது வருஷமாகியும் இங்கிலீஷில் கேட்டால் பெரும்பாலும் புரியும், பேசினால் நாலு வார்த்தைக்கு மேல் வராது. வெட்கப்பட்டவளும் இல்லை. "இங்கிலீஷ் மேல எனக்கு என்ன கோபம்? அது வந்து உக்கார என் வாய்ல இடம் இல்ல, அவ்வளவுதான்" என்பாள். மெஸ்கெரம் மருந்துக்கடையில் நாள் முழுக்க இங்கிலீஷ் பேசிவிட்டு வருகிறவள். அம்மாவின் இந்தப் பேச்சைக் கேட்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முன்பெல்லாம் எந்தக் கேட்டுக்குப் போக வேண்டும் என்பதைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். எண்ணைப் பார்த்தால் போதும், கால் தானே போகும். போன மாசிக் குளிரில் ஒரு காரியம் நடந்தது. நாற்காலியில் போய்க்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நடுவழியில் மயங்கிச் சாய்ந்துவிட்டார். தள்ளிக்கொண்டு போன புதுப் பெண்ணுக்கு, இன்ன இடத்தில் நிற்கிறேன், ஆள் வேண்டும் என்று யாரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அழுதுகொண்டே நின்றாள். நல்லவேளை, பெரியவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அதோடு சீட்டு போய் வாக்கி-டாக்கி வந்தது. அதன் பின்னாலேயே புது சூப்பர்வைசராக நோர்மா வந்தாள்.

நோர்மா எல் சால்வதோர்க்காரி. ஓட்டலில் குளியலறை கழுவிய காலத்தில் காதில் பாட நாடாவை மாட்டிக்கொண்டு இங்கிலீஷ் படித்தவள். கஷ்டப்பட்டுக் கற்றவர்களிடம் சலுகை கேட்கவே கூடாது. எல்லாரையும் நிற்கவைத்துச் சொல்லிவிட்டாள்: வாக்கி-டாக்கியில் நான் பேசுவேன், நீங்கள் பதில் சொல்ல வேண்டும், சொல்ல முடியாதவர்கள் இரவு ஷிஃப்டில் விமானம் கழுவப் போகலாம். நீங்கள் இலக்கியம் பேச வேண்டாம், ஆள் விழுந்தால் ஆள் விழுந்தான் என்று சொன்னால் போதும் என்றாள்.

சாப்பாட்டு அறையில் அன்று இதே பேச்சு. கூட நாற்காலி தள்ளும் தெஷோமே நன்றாக இங்கிலீஷ் பேசுகிறவன், ஆனாலும் குதித்தது அவன்தான். "நாற்காலி என்ன இங்கிலீஷ்லயா உருளுது அக்கா? நம்மள வெளிய அனுப்ப ஒரு சாக்கு" என்றான். அஸ்காலெ தோசை மாதிரியான இஞ்செராவைப் பிய்த்து ஷீரோ என்ற கடலைமாவுக் குழம்பில் தோய்த்துக்கொண்டிருந்தாள். விமானம் கழுவுவதில் அவளுக்குக் கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் அங்கே மனுஷர் கிடையாது. காலி இருக்கைகளும், பை பையாகக் குப்பையும்தான். கேட்பதற்கு ஒரு கதை இல்லாத வேலையை நினைத்ததும் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தேர்வன்று அவளைக் கூடத்தின் ஒரு கோடியில் நிறுத்திவிட்டு நோர்மா மறுகோடிக்குப் போனாள். வாக்கி-டாக்கி கரகரத்தது. நாற்பதாம் கேட்டில் இரண்டு நாற்காலி வேண்டும், கேட்கிறதா என்றது. அஸ்காலெ பொத்தானை அமுக்கி, பதில் சொன்னாள். மறுபடியும் அதே கேள்வி வந்தது. மறுபடியும் சொன்னாள். மூன்றாம் தடவை இன்னும் அழுத்தமாகவே சொன்னாள். பார்த்தால் நோர்மா தூரத்திலிருந்து ஓட்டமும் நடையுமாக வருகிறாள். முகத்துக்கு நேரே வந்து நின்று, "நான் பேசினது புரிஞ்சுதா இல்லையா?" என்று கேட்டாள். அஸ்காலெ "ஹ்" என்று மூச்சை இழுத்தாள்.

நோர்மா பயந்துபோனாள். தோளைப் பிடித்துப் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்காரவைத்தாள், தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள், முதுகை நீவிவிட்டாள். ஆஸ்துமா உண்டா என்று கேட்டாள். அது புரியாத அஸ்காலெ மரியாதைக்கு இன்னொரு "ஹ்" இழுத்துவைத்தாள். அவ்வளவுதான். நாலு பேர் கூடிவிட்டார்கள். பன்னிரண்டு வருஷமாகத் தள்ளிய நாற்காலியில் அன்றுதான் முதல்முதலாக உட்கார்ந்தாள், அதுவும் தேர்வில் தோற்று. அடுத்த வாரம் இன்னொரு வாய்ப்புத் தருகிறேன், அதற்கு மேல் என் கையில் இல்லை என்று நோர்மா சொல்லிவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்தவள் காலணியைக்கூடக் கழற்றவில்லை. எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னேன், என்னைத் துரத்த வேண்டும் என்றே நோர்மா ஃபெயில் போட்டாள் என்று மகளிடம் ஒப்பாரி வைத்தாள். மெஸ்கெரம் முதலில் எரிந்துதான் விழுந்தாள். "எத்தனை வருஷமா தலைபாடா அடிச்சுக்கிட்டேன், லைப்ரரில சும்மா சொல்லித் தர்றாங்க, போ போன்னு. போனியாம்மா?"

"நான் பேச வேண்டியதையும் சேத்து நீயே பேசுறியே, அது பத்தாதா?"

"இப்ப பத்தலையே."

மகள் கோபம் தணிந்து டிவி ரிமோட்டை அம்மா கையில் கொடுத்தாள். தான் கைப்பேசியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய் நின்று, நோர்மா மாதிரியே இங்கிலீஷில் கேட்டாள்: நாற்பதாம் கேட், இரண்டு நாற்காலி, கேட்கிறதா? பதிலே இல்லை. எட்டிப் பார்த்தாள். அம்மா ரிமோட்டை வாயருகே வைத்துக்கொண்டு, கண்ணை அகல விரித்து, சிரத்தையாக மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தாள்.

மெஸ்கெரம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. அடங்கியதும் எழுந்து போய், பழைய சாமான் கிடக்கிற இழுப்பறையைக் குடைந்து ஒரு நீலநிற இன்ஹேலரை எடுத்துவந்தாள். இந்த ஊருக்கு வந்த புதிதில் பள்ளிக்கூட டீச்சர் கேட்டதற்கெல்லாம் சின்னப் பெண்ணாக இருந்த மெஸ்கெரம் மூச்சை இழுத்துக் காட்ட, குழந்தைக்கு இழுப்பு இருக்கிறது என்று நர்சிடம் அனுப்பி, டாக்டர் வரை போய் வாங்கிவந்தது அது. எதற்குக் கொடுத்தார்கள் என்று அப்போது அம்மாவுக்கும் தெரியாது, மகளுக்கும் தெரியாது. கொடுத்ததைத் தூக்கிப் போட மனசில்லாமல் வைத்திருந்தார்கள்.

"உனக்கு இங்கிலீஷ் புரியாம இல்லம்மா. நீ ஆமான்னு சொன்னது அவ காதுல விழவே இல்ல" என்றாள் மெஸ்கெரம். அஸ்காலெ இன்ஹேலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நெஞ்சிலிருந்து பெரிய கல் ஒன்று இறங்கிப் போன மாதிரி இருந்தது. அவளைத் துரத்த யாரும் நினைக்கவில்லை. அவள் முட்டாளும் இல்லை. அதற்கப்புறம்தான் காலணியைக் கழற்றினாள்.

ஆனால் வாய் பழகவேண்டுமே. அவர்கள் ஊர் வழக்கப்படி காப்பிக்கொட்டை வறுத்து, இடித்து, மூன்று முறை காய்ச்சிக் குடிக்கிற வரைக்கும் தாயும் மகளும் உட்கார்ந்து "யெஸ்" சொல்லிப் பழகினார்கள். கேள்வி வந்ததும் மூச்சு முந்திக்கொண்டு உள்ளே போய்விடும், யெஸ் வெளியே நின்றுவிடும். நாலு நாள் இதே கதை. ஐந்தாம் நாள் மெஸ்கெரம் அலுத்துப்போய், "சரி, இழுத்துத் தொலை. இழுத்த மூச்ச விடணும்ல? விடும்போது யெஸ் சொல்லு" என்றாள். அது வந்தது. அந்த வாரத்திலேயே லைப்ரரி வகுப்பிலும் போய் உட்கார்ந்தாள், மகள் தள்ளிக்கொண்டு போகாமலே. மயங்கி விழுந்த அந்தப் பெரியவர் தன் நாற்காலியில் இருந்திருந்தால் தானும் அழுதுகொண்டுதான் நின்றிருப்போம் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அதைத் தெஷோமேயிடம் மட்டும் சொல்லவில்லை.

இரண்டாம் தேர்வுக்கு நிற்கும் முன் நோர்மாவிடம் தானாகவே போனாள். மூச்சை இழுத்துக் காட்டி, "இது ஆமா. எங்க ஊர்ல. வியாதி இல்ல" என்றாள். அத்தனையும் இங்கிலீஷில், மகளிடம் கேட்டு உருப்போட்டது.

நோர்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். எத்தனை முதுகை அநியாயமாக நீவிவிட்டோம் என்று யோசித்தாளோ என்னவோ. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "இப்ப எனக்குத் தெரிஞ்சிருச்சு. வாக்கி-டாக்கிக்குத் தெரியாதே" என்று சொல்லிவிட்டு மறுகோடிக்கு நடந்தாள்.

வாக்கி-டாக்கி கரகரத்தது. முப்பத்திரண்டாம் கேட்டில் ஒரு நாற்காலி, கேட்கிறதா? அஸ்காலெ மூச்சை இழுத்தாள். விட்டாள். "யெஸ்" என்று தன் குரலே கூடத்தின் மறுபக்கம் போய்ச் சேர்வதைக் கேட்டாள். இன்னொரு கேள்வி, இன்னொரு யெஸ். கடைசியாக நோர்மா கேட்டது: உங்கள் நாற்காலியில் இருக்கிறவர் மயங்கிவிட்டார், என்னிடம் என்ன சொல்வீர்கள்?

இதை வீட்டில் பழகவில்லை. அஸ்காலெ தன்னெதிரே இருந்த காலி நாற்காலியைப் பார்த்தாள். அதில் அந்தக் குண்டூர் அம்மா தலை சாய்ந்து கிடப்பதாக நினைத்துக்கொண்டாள். பொத்தானை அமுக்கினாள். "அம்மா விழுந்துட்டாங்க. பத்தொம்பதாம் கேட். தண்ணிக் குழாய் பக்கம். டாக்டர். சீக்கிரம் வா நோர்மா, சீக்கிரம்." இலக்கணம் ஒரு பக்கம் கிடந்தது, அவள் ஒரு பக்கம் கிடந்தாள். ஆனால் தூரத்தில் நின்ற நோர்மா, தேர்வு என்பதை மறந்து இரண்டு அடி ஓடியே வந்துவிட்டாள்.

பிறகு நிதானித்துக்கொண்டு, கூடம் முழுவதையும் மெதுவாக நடந்து கடந்தாள். ஜெயித்தோமா தோற்றோமா என்று அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தெஷோமே தூணுக்குப் பின்னால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். அருகில் வந்ததும் அஸ்காலெ கேட்டுவிட்டாள்: "நாளைக்கு... காலைல... நான், நாற்காலி?"

நோர்மா, யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு புருவத்தை உயர்த்தி, உதட்டைப் பிரித்து, "ஹ்" என்று மூச்சை உள்ளே இழுத்தாள். பழக்கமில்லாத இழுப்பு, அளவு மீறிப் போய்ப் புரையேறிவிட்டது. கண்ணில் தண்ணீர் வர இருமினாள்.

அஸ்காலெ சிரித்துக்கொண்டே அவளைத் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள். முதுகை நீவிவிட்டாள். பிறகு குனிந்து, அவள் பாதம் இரண்டையும் எடுத்து மிதிபலகையில் வைத்தாள்.